மியூனிக் கோடைக்காலப் படிப்பு: விசா விண்ணப்பத்திலிருந்து பியர் தோட்டத்து மேசை வரை

மூன்று, நான்கு வாரக் கோடைக்காலப் படிப்புக்காக ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் செல்லத் தேர்வாகியிருக்கும் கல்லூரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். விசாவுக்கு என்னென்ன காகிதங்கள் வேண்டும் என்று சொல்ல முகவர்கள் இருக்கிறார்கள்; முன்னர் போய்வந்த சீனியர்களும் இருக்கிறார்கள். ஆனால், முதல் வாரத்திலேயே வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் முதல் ஆய்வக உதவியாளர் வரை எல்லோரும் கூடும் பியர் தோட்டத்தை, அதாவது மரநிழலில் மேசை போட்டு பியர் விற்கும் திறந்தவெளி உணவகத்தை, பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் அதைப் பேச முடியாது, கல்லூரியில் பேசுவதற்கு எல்லோருக்கும் தயக்கம். இதனால் நம் மாணவர்களில் சிலர் மாலை நேரங்களில் அறையிலேயே அடைந்து கிடக்கிறார்கள். வேறு சிலர் ஒரே மாலையில் ஒரு வாரச் செலவுப் பணத்தைக் கரைத்துவிட்டு வருகிறார்கள்.

குடிப்பதும் குடிக்காமல் இருப்பதும் உங்கள் விருப்பம். அந்த மேசையில் உட்காரத் தெரிந்திருப்பது அவசியம் என்பதே என் கருத்து. அடுத்த ஆண்டு ஆய்வுப் பயிற்சிக்கு இடம் உண்டா, பரிந்துரைக் கடிதம் கிடைக்குமா என்ற பேச்சுகளில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. எனவே விசாவுக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு பங்கையாவது இதற்கும் ஒதுக்குங்கள். கீழே உள்ள அனைத்தும் 90 நாட்களுக்கு மேற்படாத பயணத்துக்கு உரியவை. அதற்கு மேல் தங்குவதென்றால் தேசிய விசா, செலவுப் பணத்தை முன்னதாகவே போட்டு வைக்கும் முடக்கப்பட்ட வங்கிக் கணக்கு என்று நடைமுறையே வேறாகிவிடும்.

1. கடைசி நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாட்கள் ஆகும், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை நீளலாம். இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது: விண்ணப்ப மையத்தில் நேர ஒதுக்கீடு கிடைப்பதற்கான காத்திருப்பு. ஏப்ரல் முதல் ஜூன் வரை குடும்பச் சுற்றுலாக்காரர்களும் மாணவர்களும் ஒரே வரிசையில் நிற்பதால், ஜூலை முதல் வாரம் தொடங்கும் படிப்புக்கு மார்ச் மாத இறுதிக்குள் நேர ஒதுக்கீட்டைப் பெற்றுவிடுவது நல்லது. விசா விண்ணப்பங்களைப் பெறும் நிறுவனமான வி.எஃப்.எஸ்.ஸின் சென்னை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம் என்பதால், கைரேகை கொடுக்க வெளிமாநிலம் செல்ல வேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். அது கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும், இரண்டு வெற்றுப் பக்கங்களும் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் புதுப்பித்துக்கொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

2. கோப்பில் இருக்க வேண்டியவை

நிரப்பிக் கையொப்பமிட்ட விண்ணப்பம், புகைப்படங்கள், ஜெர்மன் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம், உங்கள் கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், கல்லூரி தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம், தங்குமிட உறுதி, விமான முன்பதிவு, பயணக் காப்பீடு, மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை, பெற்றோர் செலவை ஏற்பதானால் அவர்கள் கையொப்பமிட்ட உறுதிக் கடிதம், அவர்களுடைய வருமான வரிக் கணக்கு ஆகியவை அடிப்படை. விமானப் பயணத்துக்கு முன்பதிவு போதும். பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை விசா வருமுன் வாங்க வேண்டாம்.

அதிகம் இழுத்தடிக்கும் காகிதம் கல்லூரிக் கடிதம்தான். எங்கள் குழுவில் ஒருவருக்குக் கல்லூரி அலுவலகம் கொடுத்த கடிதத்தில் "வெளிநாடு செல்ல அனுமதிக்கப்படுகிறது" என்று மட்டுமே இருந்தது. போகும் தேதியோ, திரும்பி வந்து எந்தப் பருவத்தில் படிப்பைத் தொடர்வார் என்பதோ இல்லை. விசா முடிந்தால் இவர் திரும்பி வருவாரா என்பதைத்தான் அதிகாரி பார்க்கிறார் என்பதால், அந்தக் கடிதத்தை மறுபடி தட்டச்சு செய்து, முதல்வர் ஊரிலிருந்து வரும் வரை காத்திருந்து, முத்திரை வாங்கிச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. எனவே கடிதத்தின் வாசகத்தை நீங்களே எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். படிப்பின் பெயர், தொடக்க நாள், முடிவு நாள், மீண்டும் வகுப்பில் சேரும் நாள், செலவை ஏற்பவர் யார் என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் உண்டு. வயது வந்தவர்களுக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ செல்லும் மாணவர்களுக்கு அந்தக் கட்டணத்திலிருந்து விலக்கு, ஷெங்கன் விசா விதிகளிலேயே இருக்கிறது. மையத்தின் சேவைக் கட்டணத்தை மட்டும் செலுத்த வேண்டியிருக்கும். "சுற்றுலா என்று போட்டால் சீக்கிரம் கிடைக்கும்" என்று சொல்லும் முகவர்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்டால் விலக்கும் போகும். சேர்க்கைக் கடிதம் ஒன்று சொல்ல விண்ணப்பம் வேறொன்று சொல்வதாகவும் ஆகிவிடும். பயண நோக்கம் என்ற கட்டத்தில் கல்வி என்றே குறியுங்கள். மையத்தில் பணம் கேட்டால் சேர்க்கைக் கடிதத்தைக் காட்டி விலக்கைக் கேளுங்கள்.

3. காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள்

விசாவுக்குத் தேவையான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாக வேண்டும். இதுவரை எல்லோரும் சரியாகவே செய்கிறார்கள். பத்திரத்தின் பின்பகுதியில் எவற்றுக்கெல்லாம் இழப்பீடு கிடையாது என்ற பட்டியல் இருக்கும். மது அருந்திய நிலையில் நேர்ந்த காயத்துக்கோ நோய்க்கோ பணம் தர முடியாது என்ற வரி, நம் நாட்டில் விற்கப்படும் பயணக் காப்பீடுகளில் சாதாரணமாகக் காணப்படுவது. இரண்டு கோப்பைக்குப் பின் படிக்கட்டில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தால், மருத்துவமனைச் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் இந்த விலக்கு தளர்வாக உள்ள பத்திரம் கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காவிட்டால், எவ்வளவு குடிக்கலாம் என்ற முடிவில் இந்த வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையிருப்புக்கு ஜெர்மனி வைத்துள்ள அளவுகோல் நாளொன்றுக்கு 45 யூரோ. நான்கு வாரங்களுக்கு அது 1,260 யூரோ ஆகிறது. அந்தத் தொகை வங்கி அறிக்கையில் திடீரென ஒரே நாளில் வந்து விழுந்ததாகத் தெரியாமல் இருப்பது நல்லது. ஃபாரெக்ஸ் அட்டையோடு 150 யூரோ அளவுக்காவது சிறு நோட்டுகளாகக் கொண்டு செல்லுங்கள். பியர் தோட்டங்களிலும் சிறிய உணவகங்களிலும் வெளிநாட்டு அட்டையை ஏற்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன.

4. இறங்கிய முதல் நாள்

விமான நிலையத்திலிருந்து எஸ்1, எஸ்8 ஆகிய இரு புறநகர் ரயில்களும் நகரின் மையத்துக்கு முக்கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். மாதம் முழுவதும் தங்குபவர்கள், நாடு முழுவதும் உள்ளூர், வட்டார ரயில்களிலும் பேருந்துகளிலும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்கலாம்; 2026 ஜனவரி முதல் அதன் விலை 63 யூரோ. அது தானாகவே புதுப்பிக்கப்படும் சந்தா என்பதால், மாதத்தின் 10ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் எடுத்துவிடுவார்கள். வாங்கிய அன்றே நிறுத்தத்தையும் பதிவு செய்துவிடுங்கள். அந்த மாதம் முடியும் வரை டிக்கெட் செல்லும். கடைகள் இரவு 8 மணிக்கு மூடிவிடும், ஞாயிற்றுக்கிழமை திறக்கவே திறக்காது. சனிக்கிழமை வந்து இறங்குபவர்கள் இதை மறந்தால் திங்கள் காலை வரை பிஸ்கட்தான்.

5. வயது வரம்பும் இடமும்

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். ஜெர்மனியில் பியர், வைன் ஆகியவற்றுக்கு 16 வயது, விஸ்கி, வோட்கா போன்ற வடித்த மதுவுக்கு 18 வயது. பத்தொன்பது வயது மாணவர் அங்கே எதையும் சட்டப்படி வாங்கலாம் என்பதே இதன் பொருள். உங்கள் கல்லூரி கையொப்பம் வாங்கியிருக்கும் நடத்தை விதிகள் தளர்ந்துவிட்டன என்று பொருளல்ல. உடன் வரும் ஆசிரியர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதைக் கிளம்புமுன் நேரடியாகக் கேட்டுவிடுவது, அங்கே போய் ஒளிந்து விளையாடுவதைவிட மரியாதையானது.

பூங்காவில் அமர்ந்து பியர் குடிப்பதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் மியூனிக்கின் சுரங்க ரயிலிலும் புறநகர் ரயிலிலும் குடிக்கத் தடை இருக்கிறது; மத்திய ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியிலும் அப்படியே. மற்ற ஊர்களில் ரயிலில் பாட்டிலோடு அமர்ந்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு இங்கும் செல்லும் என்று நினைக்க வேண்டாம்.

6. பியர் தோட்டத்தில் உட்காரும் முறை

ஆங்கிலத் தோட்டம் என்ற பெரிய பூங்காவில் சீனக் கோபுரத்தைச் சுற்றியுள்ள தோட்டம், மத்திய நிலையத்துக்கு அருகில் ஆகுஸ்டினர் கெல்லர், மேற்கே ஹிர்ஷ்கார்ட்டன் ஆகியவை மாணவர் குழுக்கள் அதிகம் போகும் இடங்கள். எல்லாமே ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடியவை; செஸ்நட் மரங்களின் கீழே நீண்ட மேசைகளும் பெஞ்சுகளுமாக இருக்கும். மேசையில் துணி விரித்திருந்தால் அங்கே பரிமாறுபவர் வந்து கேட்பார். துணி இல்லாத மேசை என்றால் நீங்களே கவுண்டருக்குச் சென்று வாங்கி, பணம் கட்டிவிட்டு வந்து உட்கார வேண்டும். பாதி காலியாக இருக்கும் மேசையில் முன்பின் தெரியாதவர்கள் அமர்ந்திருந்தாலும், இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காரலாம். கேட்காமல் உட்காருவதுதான் குற்றம். "ஷ்டாம்டிஷ்" என்ற பலகை தொங்கும் மேசை மட்டும் வழக்கமாக வரும் வாடிக்கையாளர் கூட்டத்துக்கு உரியது, அதை விட்டுவிடுங்கள்.

நம்மவர்களுக்கு மிகவும் வசதியான வழக்கம் இதுதான்: சுயசேவைப் பகுதியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த உணவைத் தாராளமாகச் சாப்பிடலாம், பானத்தை மட்டும் அவர்களிடம் வாங்க வேண்டும். விடுதிச் சமையலறையில் கிளறிய புளியோதரையை டப்பாவில் எடுத்துச் சென்று, பக்கத்து மேசைக்காரர் வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி உப்பு தூவிக்கொண்டிருக்க, நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். அவருக்கும் ஒரு கரண்டி போனது, எங்களுக்கு முள்ளங்கி வந்தது. அங்கேயே வாங்குவதானால், சைவம் சாப்பிடுபவர்களுக்குப் முடிச்சு வடிவ ரொட்டியான பெரிய பிரெட்ஸெல், வெண்ணெயும் பாப்ரிகா என்னும் சிவப்பு மிளகாய்த்தூளும் சேர்த்துப் பிசைந்த ஒபாட்ஸ்டா என்னும் பாலாடைக்கட்டி, முட்டை சேர்த்த மாவு நூடுல்ஸில் பாலாடைக்கட்டி கலந்த கேஸ்ஷ்பெட்ஸ்லே (முட்டையும் தவிர்ப்பவர்களுக்கு ஆகாது) ஆகியவை கிடைக்கும். உருளைக்கிழங்கு சாலட் பார்வைக்குச் சைவமாக இருந்தாலும் பவேரிய முறையில் இறைச்சிச் சாறு ஊற்றியே பெரும்பாலும் செய்கிறார்கள். லேபர்கேஸ் என்பது முழுக்கவே இறைச்சி. கேட்ட பிறகே தட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, அளவு. கவுண்டரில் வெறுமனே பியர் என்று கேட்டால் "மாஸ்" எனப்படும் ஒரு லிட்டர் கண்ணாடிக் குவளை கைக்கு வரலாம். பல தோட்டங்களில் அதன் விலை ஏறத்தாழ 10 முதல் 12 யூரோ; குவளைக்கென்று தனியாக ஒரு முன்பணமும் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் அது கிடைக்கும். வெளிர்நிற ஹெல்லஸ் பியரில் மதுவின் அளவு 5 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஒரு மாஸில் 50 மில்லி தூய மது இருக்கிறது என்று கணக்கிட்டால், நம் ஊர்க் குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே குவளையில் குடிப்பதாகிறது. பியர்தானே என்ற எண்ணத்தோடு, பயணக் களைப்போடு, காலி வயிற்றில் ஒரு மாஸை முடித்தவர்கள் அந்த மாலையின் பேச்சு எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. முதல் முறை போகிறவர்கள் அரை லிட்டர் ஹெல்லஸ் கேளுங்கள். பெரிய குவளை மட்டுமே தரும் நேரமாக இருந்தால் எலுமிச்சை சோடா பாதி, பியர் பாதி கலந்த ராட்லர் கேளுங்கள்.

எல்லோருக்கும் பானம் வரும் வரை யாரும் வாய் வைப்பதில்லை. பிறகு "ப்ரோஸ்ட்" என்று சொல்லி ஒவ்வொருவருடனும் குவளையைத் தட்டுவார்கள். தட்டும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதை மிகவும் கண்டிப்பாகவே கடைப்பிடிக்கிறார்கள். மூத்தவர் முன் பார்வையைத் தாழ்த்திப் பழகிய நமக்குப் பேராசிரியரை நேருக்கு நேர் பார்ப்பது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும், பழகிவிடும். கோதுமை பியருக்கான உயரமான மெல்லிய கண்ணாடியை அதன் கனமான அடிப்பாகத்தில் தட்ட வேண்டும், விளிம்பில் தட்டினால் உடையும்.

படிப்பின் இடையே வார இறுதியில் கொலோன் நகருக்குச் செல்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அங்கே 0.2 லிட்டர் குட்டிக் கண்ணாடியில் கோல்ஷ் பியர் தருவார்கள். முடிந்ததும் கேட்காமலேயே அடுத்தது வரும், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியின் அடியில் வைக்கும் காகித அட்டையில் ஒரு கோடு போடுவார்கள். போதும் என்றால் அந்த அட்டையைக் கண்ணாடியின் மேல் வைத்து மூட வேண்டும். வேண்டாம் என்று கையசைப்பதைவிட அது விரைவில் புரியும்.

7. குடிக்காதவர்கள் என்ன கேட்கலாம்

குடிக்க மாட்டேன் என்று சொல்வதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வற்புறுத்தல் பெரும்பாலும் ஜெர்மானியர்களிடமிருந்து வருவதில்லை, நம்முடன் வந்த நண்பர்களிடமிருந்தே வருகிறது. ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்லே, கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஷ்பெட்ஸி ஆகிய இரண்டும் எல்லா இடத்திலும் கிடைக்கும். அவற்றை வைத்துக்கொண்டும் ப்ரோஸ்ட் சொல்லலாம். "அல்கோஹோல்ஃப்ரை" என்று எழுதிய பியரில் 0.5 சதவீதம் வரை மது இருக்க அனுமதி உண்டு. சமய காரணங்களுக்காக முற்றிலும் தவிர்ப்பவர்கள் 0.0 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஜெர்மன் உணவகச் சட்டம் ஒன்று இங்கே உதவும். மது விற்கும் இடத்தில், மதுவில்லாத பானம் ஒன்றாவது, இருப்பதிலேயே மலிவான மதுபானத்தைவிடக் கூடுதல் விலையில் இருக்கக் கூடாது. விலைப்பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தால் அது எது என்று தெரிந்துவிடும். சாதாரணத் தண்ணீர் கேட்டால் காசுக்கு விற்கும் வாயு கலந்த பாட்டில்தான் வரும். வாயு வேண்டாம் என்றால் "ஷ்டில்" என்று சொல்லுங்கள். குழாய் நீர் குடிக்கத் தகுந்ததே, எனவே காலிப் பாட்டிலை விடுதியிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

8. பணம் கட்டும் நேரம்

பரிமாறும் மேசைகளில், கிளம்பும்போது பரிமாறுபவர் கையில் தடித்த பர்ஸோடு வந்து நிற்பார். சேர்த்தா, தனித்தனியாகவா என்று கேட்பார். "கெட்ரென்ட்" என்றால் தனித்தனி. அவரவர் குடித்ததற்கும் சாப்பிட்டதற்கும் அவரவரே கட்டுவதுதான் அங்கு இயல்பு. நம் பழக்கத்தில் ஒருவர் முந்திக்கொண்டு மொத்தப் பில்லையும் கட்டினால் எதிரில் இருப்பவர்கள் சங்கடப்படுகிறார்கள். மறுவாரம் உங்களுக்குக் கட்ட வேண்டிய கடனாக அதை நினைக்கிறார்கள். பேராசிரியர் தாமாகவே முதல் சுற்று தன்னுடையது என்று சொன்னால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள், மறுத்துப் பேச வேண்டாம்.

டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம் வரை. அதை மேசையில் வைத்துவிட்டுப் போவதில்லை. 9.20 யூரோ என்று சொன்னால், 20 யூரோ நோட்டைக் கொடுத்துக்கொண்டே "பத்து" என்று சொல்ல வேண்டும், மீதி 10 யூரோ வரும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: நோட்டை நீட்டும்போது மரியாதைக்காக "டாங்கே" என்று சொன்னால், மீதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். நன்றியை மீதி கைக்கு வந்த பிறகு சொல்லுங்கள்.

கடையில் வாங்கும்போது அரை லிட்டர் பியர் ஏறத்தாழ ஒரு யூரோதான், ஆனால் பாட்டிலுக்கு முன்பணம் தனி. சாதாரணக் கண்ணாடி பியர் பாட்டிலுக்கு 8 சென்ட், கேனுக்கும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 25 சென்ட். சூப்பர் மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் ரசீது வரும், அதைக் கல்லாவில் கொடுத்துப் பணமாக்கலாம். கேனை நசுக்கிவிட்டால் இயந்திரம் குறியீட்டைப் படிக்காமல் திருப்பித் தள்ளும். நகரில் காலிப் பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டியிருந்தால் குப்பைத்தொட்டியின் அருகில் கீழே வையுங்கள். அதைச் சேகரித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

9. அறைக்குத் திரும்புவது

குடித்துவிட்டு வாடகை மின் ஸ்கூட்டரில் ஏறுவதே மாணவர்கள் விழும் பெரிய குழி. சட்டத்தின் பார்வையில் அது மோட்டார் வாகனம். காருக்குரிய வரம்புதான் அதற்கும். பொது வரம்பு, ரத்தத்தில் மதுவின் அளவு ஆயிரத்துக்கு 0.5, 21 வயது நிரம்பாதவர்களுக்குப் பூஜ்யம். இருபது வயது மாணவர் ஒரு ராட்லர் குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாலும் தண்டனைக்குரியதே. மிதிவண்டிக்கு 1.6 என்பது குற்றவழக்கு எல்லை. தள்ளாடி ஓட்டினால் அதற்கு வெகு முன்பே சிக்கல் வரும். ரயிலில் வாருங்கள். வார நாட்களில் சுரங்க ரயில் இரவு ஒரு மணியளவில் நின்றுவிடும் என்பதால், கடைசி வண்டி நேரத்தை மாலையிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, குறைந்தது இருவராகத் திரும்புங்கள். கோப்பையை மேசையில் விட்டுவிட்டு எழுந்து போனால், திரும்பி வந்து அதிலிருந்து குடிக்க வேண்டாம்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை விடுதியில் அமைதி நேரம். பக்கத்து அறைக்காரர் முதலில் கதவைத் தட்டுவார், அடுத்த முறை போலீஸைக் கூப்பிடுவார். உடன் வந்தவர் எழுப்பினாலும் எழவில்லை என்றால் தயங்காமல் 112ஐ அழையுங்கள். ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி அறையில் படுக்க வைத்துக் காத்திருப்பது ஆபத்தானது.

10. செப்டம்பரில் போகிறவர்களுக்கு மட்டும்

மியூனிக்கின் பெரிய பியர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்ட் 2026ஆம் ஆண்டில் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. நுழைவுக் கட்டணம் கிடையாது. எனவே நுழைவுச்சீட்டு என்று யார் எதை விற்றாலும் வாங்க வேண்டாம். கூடாரங்களில் முன்பதிவு இல்லாத மேசைகளும் உண்டு, வார நாள் பிற்பகலில் சென்றால் இடம் கிடைக்கும். சனிக்கிழமை மாலை கூடாரம் நிறைந்து கதவை மூடிவிடுவார்கள். 2025இல் ஒரு மாஸின் விலை 14.50 முதல் 15.80 யூரோ வரை இருந்தது. விழாவுக்கென்று காய்ச்சும் பியர் 6 சதவீதம் அளவுக்குக் காட்டமானது. மூன்று லிட்டருக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள பைக்கு அனுமதி இல்லை, முதுகுப்பையோடு நேராக வகுப்பிலிருந்து போக முடியாது. பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைத்துவிட்டு நகலையும் கல்லூரி அடையாள அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். தொலைந்தால் போலீஸ் புகார், பிறகு மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் என்று படிப்பு நாட்கள் அதிலேயே போய்விடும். கண்ணாடிக் குவளையை நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வருவது திருட்டு. வாயிலில் சோதனை செய்து பிடுங்குகிறார்கள். வேண்டுமென்றால் கடையில் வாங்கி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

11. கிளம்பும் வாரம்

இந்தியாவுக்குள் ஒருவர் 2 லிட்டர் மது வரை சுங்கத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். பாட்டில்கள் கைப்பையில் செல்லாது, சரக்குப் பெட்டியில் துணிக்குள் சுற்றி வையுங்கள். விமான நிலையத் தீர்வையில்லாக் கடையில் வாங்கினால் முத்திரையிட்ட பையை வீடு வந்து சேரும் வரை பிரிக்க வேண்டாம். இடையில் விமானம் மாறும் இடத்தில் பறிமுதல் செய்துவிடுவார்கள். விமானம் ஞாயிறோ திங்கள் அதிகாலையோ என்றால், விடுதிச் சமையலறையில் சேர்ந்திருக்கும் காலிப் பாட்டில்களைச் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு முன்பே இயந்திரத்தில் போட்டு, ரசீதை அதே கடையில் அன்றே பணமாக்கிவிடுங்கள்.